சைன் வரைபு பிழைத்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடித்தல்

உயர்தர இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் பலர், வரைபு விடையோடு பொருந்தவில்லை என்றதும் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரையத் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் அதே பிழை இரண்டாம் தரமும் வரும். திரிகோணகணித வரைபு ஒன்று எந்த விதத்தில் கெட்டிருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தால், பிழை எந்த எண்ணில் இருக்கிறது என்று அந்த வரைபே காட்டிவிடும்.

பொதுவடிவத்தை இப்படி எழுதிக்கொள்வோம்:

அ சைன் க(θ − ச) + ட

இதில் அ உயரத்தைத் தீர்மானிக்கிறது. க அலைகளின் நெருக்கத்தையும், ச இடம் வலமான பெயர்ச்சியையும், ட மேல் கீழான பெயர்ச்சியையும் தீர்மானிக்கின்றன. உயரம் பிழைத்தால் க வைத் தேடிப் பயனில்லை. அலைகளின் எண்ணிக்கை பிழைத்தால் ட வைத் தொடத் தேவையில்லை.

கீழே பல இடங்களில் ஒரே சார்பையே எடுத்துக்கொள்கிறோம்: 3 சைன் (2θ − π/3) + 1. இதன் வீச்சம் (நடுக்கோட்டிலிருந்து உச்சி வரையான உயரம்) 3, ஆவர்த்தன காலம் (ஒரு முழு அலை எடுக்கும் கிடைத்தூரம்) π, வலப்பக்கப் பெயர்ச்சி π/6, நடுக்கோடு 1. ஆகவே உயர்வு 4, இழிவு −2. இந்த எண்களை ஒரு துண்டுத்தாளில் எளிதாகக் கண்ணில் படும்படி குறித்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அறிகுறி: வரைபு கிட்டத்தட்ட நேர்கோடாகக் கிடக்கிறது, அல்லது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கி நிற்கின்றன

இது வரைதலில் வந்த பிழை அன்று. பாகையும் ஆரையனும் மாறிப்போயிருக்கின்றன. கல்குலேற்றரில் சைன் 90 என்று அழுத்திப் பாருங்கள். 1 வந்தால் அது பாகையில் இருக்கிறது. 0.894 வந்தால் ஆரையனில் இருக்கிறது. 0.988 வந்தால் மூன்றாவது அலகான கிரேடியனில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. விடை 1 இற்கு மிகக் கிட்ட இருப்பதால் பிள்ளை சந்தேகப்படாமல் அட்டவணை முழுவதையும் அதே அலகில் நிரப்பிவிடும்.

கைபேசியில் டெஸ்மோஸ், ஜியோஜெப்ரா போன்றவற்றைப் பாவிப்பவர்களுக்கு இதே கோளாறு வேறு முகத்தோடு வரும். இரண்டும் சைனுக்குள் வரும் எண்ணை, நீங்கள் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஆரையனாகவே எடுக்கும். கிடை அச்சை 0 இலிருந்து 360 வரை நீட்டிவிட்டுப் பார்த்தால் அந்த இடத்துக்குள் 57 அலைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும், ஏனென்றால் 360 ஐ 2π ஆல் வகுத்தால் 57 சொச்சம். மறுவளமாக, டெஸ்மோஸைப் பாகைக்கு மாற்றிவிட்டு −10 இலிருந்து 10 வரை மட்டும் பார்த்தால் மெல்லச் சரிந்த நேர்கோடு ஒன்றுதான் தெரியும். சைன் 10° வெறும் 0.174 தானே. டெஸ்மோஸில் திருகுசாவி அடையாளத்தைத் தொட்டால் பாகை, ஆரையன் தெரிவு வரும். ஜியோஜெப்ராவில் பாகைக் குறியைச் சேர்த்துத் தட்டச்சிட்டால் போதும்.

அறிகுறி: அலையின் எண்ணிக்கை சரி, உயரம் பிழை

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, உச்சியிலிருந்து அடி வரையான முழுத் தூரத்தையும் வீச்சம் என்று எடுத்தது. வீச்சம் நடுக்கோட்டிலிருந்து உச்சி வரைதான். எங்கள் உதாரணத்தில் உயர்வு 4, இழிவு −2, வித்தியாசம் 6, அதன் பாதி 3. வீட்டு மின்சாரத்தை எடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு நன்றாக விளங்கும். இலங்கையில் வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அந்த 230 வீச்சம் அன்று. அது சராசரி வர்க்கமூலப் பெறுமானம். வீச்சம் அதன் √2 மடங்கு, ஏறத்தாழ 325. உச்சியிலிருந்து அடி வரை 650. ஆகவே நேரம் செக்கனில் இருக்கும்போது சார்பு 325 சைன் (100π × நேரம்). ஆவர்த்தன காலம் 2π ÷ 100π, அதாவது 0.02 செக்கன். 230, 325, 650 என்ற மூன்றையும் மாறிமாறி எழுதுவது பௌதிகவியல் விடைத்தாள்களிலும் அடிக்கடி காணும் பிழை.

இரண்டாவது, அடைப்பைச் சரியாகப் பார்க்காதது. 3 சைன் θ + 1 வேறு, 3(சைன் θ + 1) வேறு. இரண்டுக்கும் வீச்சம் 3 தான், ஆனால் இரண்டாவதன் நடுக்கோடு 3 இல் இருக்கிறது. அது 0 இலிருந்து 6 வரை ஓடும். வரைபு முழுவதும் இரண்டு அலகு மேலோ கீழோ நின்றால் இந்த அடைப்பைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, −3 சைன் θ என்றால் வீச்சம் −3 என்று எழுதுவது. வீச்சம் ஒரு தூரம், அது எப்போதும் நேர். சயக்குறி செய்வது வரைபை நடுக்கோட்டில் தெறிப்படையச் செய்வது மட்டுமே. 5 − 2 கோசைன் θ இற்கு நடுக்கோடு 5, வீச்சம் 2, தொடக்கம் அடியிலிருந்து: θ = 0 இல் பெறுமானம் 3.

இவை மூன்றையும் ஒரே வேலையில் தவிர்க்கலாம். வளைகோட்டைத் தொடுவதற்கு முன்னரே மூன்று கிடைக்கோடுகளைப் பென்சிலால் மெல்ல இட்டுவிடுங்கள்: ட இல் ஒன்று, ட + |அ| இல் ஒன்று, ட − |அ| இல் ஒன்று. எங்கள் சார்புக்கு 1, 4, −2. வளைகோடு மேற்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொடவேண்டும், தாண்டக் கூடாது. வினாவில் சார்பின் வீச்சைக் கேட்டிருந்தால் விடையும் அங்கேயே இருக்கிறது: −2 இலிருந்து 4 வரை.

அறிகுறி: அலைகள் கூடிவிட்டன அல்லது குறைந்துவிட்டன

சைன் கθ இன் ஆவர்த்தன காலம் 2π ÷ க. வகுக்காமல் பெருக்கியவர்கள் சைன் 2θ இற்கு 4π என்று எழுதி ஒரு முழு அலை வரவேண்டிய இடத்தில் கால் அலை வரைவார்கள். 0 இலிருந்து 2π வரைக்குள் எத்தனை முழு அலை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் க. சைன் (θ/2) இற்கு அந்த இடத்தில் அரை அலைதான் வரவேண்டும், ஆவர்த்தன காலம் 4π.

சூத்திரம் தெரிந்தவர்களையும் விழுத்துபவை சில உண்டு. தாஞ்சன் கθ இற்கு 2π அன்று, π ÷ க. சைன்²θ இற்கு π, ஏனென்றால் அது ½ − ½ கோசைன் 2θ இற்குச் சமம். அதன் வீச்சம் ½, நடுக்கோடு ½. மட்டுக் குறி இட்ட |சைன் θ| இற்கும் π. ஆனால் இது சைன்² போல அடியில் வளைந்து திரும்பாது. 0 ஐத் தொடும் இடங்களில் கூராக நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே அச்சில் ஒரு தரமாவது வரைந்து பாருங்கள். இரண்டும் 0 இலும் 1 இலும் சந்திக்கும், இடையில் சைன்² எப்போதும் கீழே ஓடும். சைன் 2θ + சைன் 3θ போன்றவற்றில் ஆவர்த்தன காலங்கள் π உம் 2π/3 உம். இரண்டும் சேர்ந்து முடிவது 2π இல்.

அறிகுறி: வடிவம் அச்சாக இருக்கிறது, ஆனால் முழு வரைபும் தள்ளி நிற்கிறது

அதிகம் புள்ளி போகும் இடம் இதுதான். இங்கே இரண்டு பிழைகள் கலந்து வருகின்றன: பக்கம் மாறுதல், அளவு மாறுதல்.

பக்கத்தை முதலில் பார்ப்போம். சைன் (θ − π/6) இல் கழித்தல் இருக்கிறது, பிறகேன் வரைபு வலப்பக்கம் போகிறது? சைன் அலை நடுக்கோட்டிலிருந்து மேலெழும் இடம், அடைப்புக்குள் இருப்பது 0 ஆகும் இடம். θ − π/6 எப்போது 0 ஆகும்? θ = π/6 ஆகும்போது. அது நேர்ப்பக்கம், அதாவது வலம். "கழித்தல் என்றால் வலம், கூட்டல் என்றால் இடம்" என்று மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சைப் பதற்றத்தில் அதைத் தலைகீழாக நினைவுகூருவார்கள். "அடைப்பு எப்போது 0?" என்று கேட்பவர்கள் தடுமாறுவதில்லை.

அடுத்தது அளவு. சைன் (2θ − π/3) ஐப் பார்த்ததும் "π/3 வலம்" என்று எழுதும் கை மிகவும் பழகிய கை. அதைச் சோதிக்க ஒரு பிரதியீடு போதும். θ = π/3 இட்டால் அடைப்புக்குள் 2π/3 − π/3 = π/3 வருகிறது, 0 வரவில்லை. θ = π/6 இட்டால் 0. ஆகவே பெயர்ச்சி π/6. காரணம் இதுதான்: θ ஓர் அடி நகரும்போது 2θ இரண்டு அடி நகர்கிறது. அடைப்புக்குள் இருக்கும் π/3 ஐச் சரிக்கட்ட θ அதில் பாதித் தூரம் போனால் போதும். 2 ஐ வெளியே எடுத்து 2(θ − π/6) என்று எழுதினால் இது கண்ணுக்கே தெரியும். θ இன் குணகம் பின்னமாக இருந்தால் எதிர்மாறாக நடக்கும்: சைன் (θ/2 + π/4) என்பது சைன் ½(θ + π/2), பெயர்ச்சி இடப்பக்கம் π/2. எழுதியிருப்பதைவிட இரண்டு மடங்கு.

சிலர் இதை வேறு ஒழுங்கில் செய்து சரியான விடை எடுப்பார்கள், அதைப் பார்த்து மற்றவர்கள் குழம்புவார்கள். ஒழுங்கு முக்கியம் என்பதால் பொறுமையாகப் பார்ப்போம். சைன் θ ஐ முதலில் π/3 வலப்பக்கம் தள்ளினால் சைன் (θ − π/3) வரும். அதன்பின் கிடைத்தூரங்கள் எல்லாவற்றையும் பாதியாக்கினால், θ இருந்த இடத்தில் 2θ வந்து சைன் (2θ − π/3) ஆகும். அந்தச் சுருக்கத்தில் π/3 இல் இருந்த தொடக்கப்புள்ளியும் π/6 இற்கு வந்துவிடும். இது சரி. முதலில் சுருக்கிச் சைன் 2θ ஆக்கிவிட்டுப் பிறகு π/6 தள்ளினாலும் சரி. பிழையானது இரண்டையும் கலப்பது: முதலில் சுருக்கிவிட்டு π/3 தள்ளுவது. அதில் கிடைப்பது சைன் 2(θ − π/3), அதாவது சைன் (2θ − 2π/3). உங்கள் வரைபு சரியான விடையிலிருந்து மேலும் π/6 வலப்பக்கம் நிற்கிறது என்றால் இந்தக் கலப்புத்தான் நடந்திருக்கிறது.

இங்கே பௌதிகவியல் வகுப்பையும் நினைவில் வைக்கவேண்டும். அலைகளைப் படிக்கும்போது அவத்தை என்று அடைப்புக்குள் நிற்கும் π/3 ஐத்தான் சொல்வார்கள். அது கோணம், π/6 என்பது கிடை அச்சில் வரைபு நகர்ந்த தூரம். வினா எதைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள்.

கடைசியாக, சரிபார்க்கும் வழி. நிலைக்குத்து அச்சை வரைபு எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். எங்கள் சார்பில் θ = 0 இட்டால் 3 × (−√3/2) + 1, ஏறத்தாழ −1.6. வரைபு அச்சை நடுக்கோட்டுக்கு மேலே வெட்டினால் பக்கம் மாறிவிட்டது. −1.6 இல் வெட்டாமல் வேறெங்காவது கீழே வெட்டினால் அளவு பிழைத்துவிட்டது. ஆனால் பிழையாக π/3 தள்ளிய வரைபும் இங்கே −1.6 இலேயே வெட்டும், ஆகவே θ = π/6 இல் 1 வருகிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டு பிரதியீடுகளுக்கும் அதிக நேரம் போகாது. பரீட்சையில் வரைபை முடித்தபின் வேறெதுவும் சரிபார்க்க நேரமில்லை என்றாலும் இதை விடவேண்டாம்.

அறிகுறி: வரைபு தலைகீழாக நிற்கிறது

உச்சி வரவேண்டிய இடத்தில் அடி, அடி வரவேண்டிய இடத்தில் உச்சி. இரண்டு இடங்களில் தேடுங்கள்.

ஒன்று, θ இன் குணகம் மறையாக இருப்பது. சைன் (π/3 − 2θ) ஐ அப்படியே வைத்து வேலை செய்யக் கூடாது. அது −சைன் (2θ − π/3). சயக்குறியை வெளியே எடுத்த பிறகுதான் பெயர்ச்சியைப் பார்க்கவேண்டும். கோசைனில் இந்தத் தொல்லை இல்லை: கோசைன் (π/3 − 2θ) உம் கோசைன் (2θ − π/3) உம் ஒன்றே. சைனுக்கும் கோசைனுக்கும் ஒரே விதியைப் பாவித்தவர்களின் வரைபு ஒன்றில் சரியாகவும் மற்றதில் தலைகீழாகவும் வரும்.

மற்றது, இரண்டு சார்புகளை ஒன்றாக்கும்போது அடைப்புக்குள் வரும் α என்ற கோணத்தைத் தாஞ்சனால் மட்டும் கண்டது. இதை அடுத்த பகுதியில் பார்ப்போம், அங்கேதான் இது அதிகம் நடக்கிறது.

அறிகுறி: "ஒரே சைனாக எழுதி, பரும்படியாக வரைக" என்ற வினாவில் எல்லாமே பிழைக்கிறது

2√3 சைன் θ கோசைன் θ + 2 கோசைன்²θ ஐ எடுத்துக்கொள்வோம். இந்த வடிவம் உயர்தரம் படிப்பவர்களுக்குப் பழக்கமானது. இதைப் பார்த்ததும் ஆவர்த்தன காலம் 2π என்று எழுதுபவர்கள் உண்டு, θ தானே தெரிகிறது என்று. முதலில் இரட்டைக் கோணத்துக்கு மாற்றவேண்டும்: √3 சைன் 2θ + கோசைன் 2θ + 1. கடைசி 1 ஐ மறப்பது வழக்கமான விபத்து; 2 கோசைன்²θ என்பது 1 + கோசைன் 2θ. மறந்தால் வரைபு முழுவதும் ஓர் அலகு கீழே நிற்கும்.

இப்போது √3 சைன் 2θ + கோசைன் 2θ இன் வீச்சம் என்ன? √3 + 1 அன்று. சைன் உச்சியில் நிற்கும்போது கோசைன் 0 இல் நிற்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவதில்லை. ஆகவே நேரே கூட்டமுடியாது. √(3 + 1) = 2. இதே காரணத்தால் 3 சைன் θ + 4 கோசைன் θ இன் வீச்சம் 7 அன்று, 5. இரண்டு உறுப்புகளிலும் ஒரே கோணம் இருந்தால் மட்டுமே இந்த வேலை நடக்கும் என்பதையும் கவனியுங்கள். சைன் 2θ + கோசைன் θ ஐ இப்படிச் சேர்க்கவே முடியாது.

2 ஐ வெளியே எடுத்தால் உள்ளே (√3/2) சைன் 2θ + (1/2) கோசைன் 2θ. இதைச் சைன் (2θ + α) என்று வைத்தால் கோசைன் α = √3/2, சைன் α = 1/2, ஆகவே α = π/6. சார்பு 2 சைன் (2θ + π/6) + 1.

α ஐக் காண இரண்டு சமன்பாட்டையும் பார்க்கவேண்டும். முதல் உறுப்பு −√3 சைன் 2θ ஆக இருந்திருந்தால் கோசைன் α = −√3/2, சைன் α = 1/2, α = 5π/6. தாஞ்சனை மட்டும் எடுத்துக் கல்குலேற்றரை அழுத்தினால் அது −π/6 என்று தரும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக π. π வித்தியாசம் என்றால் சயக்குறி மாறும், அதனால்தான் அந்த வரைபு தலைகீழாக வருகிறது.

வரைதலுக்கு வருவோம். ஆவர்த்தன காலம் π, அதன் கால் π/4. வினா 0 இலிருந்து π வரை கேட்டிருந்தால் தொடக்கம் நடுக்கோட்டில் இருக்காது, ஏனென்றால் மேலெழும் புள்ளி −π/12 இல், ஆயிடைக்கு வெளியே. அங்கிருந்து π/4 ஆகக் கூட்டிக்கொண்டு போங்கள்: π/6 இல் உயர்வு 3, 5π/12 இல் நடுக்கோடு 1, 2π/3 இல் இழிவு −1, 11π/12 இல் மீண்டும் நடுக்கோடு. இரண்டு முனைகளையும் தனியே பிரதியிடவேண்டும்: θ = 0 இல் 2, θ = π இல் 2. ஆயிடையின் நீளம் ஒரு முழு ஆவர்த்தன காலம் என்பதால் இரண்டு முனைகளும் சமமாக வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் நின்று பாருங்கள். கிடை அச்சை வெட்டும் இடங்கள் π/2 உம் 5π/6 உம். π/2 ஐத் தந்த பழைய கோவையில் இட்டுப் பாருங்கள்: கோசைன் (π/2) = 0, இரண்டு உறுப்பும் 0. ஒரு வரியில் முழு மாற்றமும் சரிபார்க்கப்பட்டுவிட்டது.

முனைப் பெறுமானங்களைக் குறிக்காமல் விடுவது பரவலான குறை. வளைகோடு அழகாக இருக்கும், ஆனால் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் எண் இருக்காது.

அறிகுறி: புள்ளிகள் சரி, வளைகோடு கோணல்

ஐந்து புள்ளிகளை அடிமட்டம் வைத்து இணைத்ததுபோல் உச்சிகள் கூராக நிற்கும், அல்லது உச்சி தட்டையாக நீண்டு நிற்கும். அளவிடையைத் திருத்தினால் இதுவும் சரியாகும். வரைபுத்தாளில் ஓர் ஆவர்த்தன காலத்துக்கு 12 சென்ரிமீற்றர் எடுங்கள். கால் பகுதி 3 சென்ரிமீற்றர் ஆகும். நடுக்கோட்டிலிருந்து 1 சென்ரிமீற்றர் நகர்ந்ததும் உயரம் வீச்சத்தின் பாதி, ஏனென்றால் சைன் 30° = 0.5. 2 சென்ரிமீற்றரில் 0.87 மடங்கு. 3 இல் முழு உயரம். ஆகவே முதல் சென்ரிமீற்றரில் பாதி உயரம் ஏறிவிடுகிறது, கடைசிச் சென்ரிமீற்றரில் ஏறுவது 0.13 மடங்குதான். இந்த இரண்டு இடைப்புள்ளிகளையும் குறித்தால் கை தானாகச் சரியான வளைவில் போகும்.

12 இற்கு இன்னொரு வசதி உண்டு. ஆவர்த்தன காலம் π ஆக இருக்கும்போது ஒரு சென்ரிமீற்றர் π/12. π/6, π/4, π/3 எல்லாம் முழுச் சென்ரிமீற்றரில் விழும். 10 சென்ரிமீற்றர் எடுத்தால் π/6 இற்கு 1.67 தேடி அலையவேண்டிவரும். அச்சில் 1, 2, 3 என்று இட்டுவிட்டு 3 இற்குப் பக்கத்தில் π ஐச் செருகுவதையும் விட்டுவிடுங்கள். அச்சை π இன் பின்னங்களில்தான் பிரிக்கவேண்டும்.

அறிகுறி: தாஞ்சன் வரைபில் நிலைக்குத்தாக ஒரு கோடு விழுகிறது

கைபேசிச் செயலிகள் சில, அணுகுகோட்டுக்கு (வரைபு நெருங்கிப் போயும் தொடாத நிலைக்குத்துக் கோட்டுக்கு) இருபக்கமும் உள்ள புள்ளிகளை இணைத்து அப்படி ஒரு கோட்டைக் காட்டும். அது வரைபின் பகுதி அன்று. விடைத்தாளில் அணுகுகோடுகளை முதலில் புள்ளிக்கோடாக இடுங்கள். தாஞ்சன் (2θ − π/3) இற்கு 2θ − π/3 = π/2 என்று வைத்தால் θ = 5π/12; அங்கிருந்து இருபக்கமும் π/2 இடைவெளியில் மற்றவை. இதற்கு வீச்சம் கேட்டால் வீச்சம் இல்லை என்பதே விடை. 3 தாஞ்சன் θ இல் உள்ள 3 வரைபைச் செங்குத்தாக நீட்டுகிறது, அவ்வளவுதான்.

அறிகுறி: என் விடை வேறு, புத்தக விடை வேறு, ஆனால் வரைபு ஒன்று

பிழையே இல்லாமல் இருக்கலாம். 2 சைன் (2θ + π/6) உம் 2 கோசைன் (2θ − π/3) உம் ஒரே வரைபுதான், ஏனென்றால் கோசைன் அலை சைன் அலையைவிடக் கால் ஆவர்த்தன காலம் முந்தி நிற்கிறது. பெயர்ச்சியோடு ஆவர்த்தன காலத்தின் எந்த நிறைவெண் மடங்கைக் கூட்டினாலும் வரைபு மாறாது. உச்சிகள் இரண்டும் ஒரே θ இல் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். வந்தால் மாற்றத் தேவையில்லை.

அறிகுறி: தரவிலிருந்து சார்பை எழுதச் சொன்னால் எண்கள் இடம் மாறி விழுகின்றன

யாழ்ப்பாணத்தின் பகற்பொழுதை எடுப்போம். யூன் 21 அளவில் மிக நீண்ட பகல், ஏறத்தாழ 12 மணி 41 நிமிடம். டிசெம்பர் 22 அளவில் மிகக் குறுகிய பகல், ஏறத்தாழ 11 மணி 33 நிமிடம். நிமிடத்தில் 761 உம் 693 உம். கூட்டிப் பாதியாக்கினால் 727, அது நடுக்கோடு. கழித்துப் பாதியாக்கினால் 34, அது வீச்சம். 761 ஐ வீச்சம் என்று எழுதுபவர்கள் நடுக்கோட்டை 0 என்று நினைத்துவிடுகிறார்கள். 68 என்று எழுதுபவர்கள் பாதியாக்க மறந்துவிடுகிறார்கள்.

ஆவர்த்தன காலம் 365 நாள். சார்பில் க வின் இடத்தில் 365 ஐ இடக் கூடாது, 2π/365 ஐ இடவேண்டும். உச்சி ஆண்டின் 172 ஆவது நாளில். சைன் மேலெழும் புள்ளி அதற்குக் கால் ஆவர்த்தன காலம் முன்னே, 91 நாள் முன்னே, அதாவது 81 ஆவது நாள், மார்ச் 22. நாளை ந என்று வைத்தால்:

727 + 34 சைன் [ (2π/365)(ந − 81) ]

சரிபார்க்க ந = 172 இடுங்கள். அடைப்புக்குள் ஏறத்தாழ π/2, பெறுமானம் 761. பெயர்ச்சியை 172 என்று எழுதியிருந்தால் யூன் 21 இல் 727 வரும், அங்கேயே பிழை தெரிந்துவிடும். 172 ஐத்தான் பாவிக்கவேண்டும் என்றால் சைனை விட்டுக் கோசைனில் எழுதுங்கள், அதுவும் சரி.

அறிகுறி: ஒரு தீர்வு கிடைக்கிறது, மற்றது காணாமல் போகிறது

இதே 81 ஐ வைத்து இன்னொரு கணக்கு. நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் அகலக்கோடு, ஆண்டு முழுவதும் வடக்கே 23.4° இற்கும் தெற்கே 23.4° இற்கும் இடையில் அலைகிறது. அண்ணளவாக 23.4 சைன் [ (2π/365)(ந − 81) ]. யாழ்ப்பாணம் வடக்கு 9.7°. சூரியன் எங்கள் தலைக்கு நேரே எப்போது வரும்?

சைன் இன் பெறுமானம் 9.7 ÷ 23.4 = 0.415. கல்குலேற்றர் தருவது 24.5°. ஒரு நாளுக்கு 360 ÷ 365 = 0.986° என்பதால் அது 25 நாள்; 81 + 25 = 106, ஏப்ரல் 15, 16 வாக்கு. இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் பலர். கல்குலேற்றர் நேர்மாறுச் சைனுக்கு −90° இற்கும் 90° இற்கும் இடையில் உள்ள ஒன்றை மட்டுமே தரும். அலை ஏறும்போது ஒரு தரம் 9.7 ஐத் தாண்டுகிறது, இறங்கும்போது இன்னொரு தரம் தாண்டுகிறது. இரண்டாவது கோணம் 180 − 24.5 = 155.5°, நாளாக்கினால் 158, 81 + 158 = 239, ஓகஸ்ட் 27.

180 இலிருந்து கழிப்பது சைனுக்கு மட்டும். கோசைனுக்கு 360 இலிருந்து கழிக்கவேண்டும், தாஞ்சனுக்கு 180 ஐக் கூட்டவேண்டும். இவை கலந்துபோகும் என்று பயப்படுபவர்கள், கல்குலேற்றரை எடுக்க முன்னரே பரும்படி வரைபில் 9.7 இல் ஒரு கிடைக்கோட்டை இட்டு, கேட்ட ஆயிடைக்குள் அது வளைகோட்டை எத்தனை தரம் வெட்டுகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். விடையில் அத்தனை தீர்வுகள் இருக்கவேண்டும். θ இற்குப் பதில் 2θ இருந்தால் 0 இலிருந்து 2π வரைக்குள் பொதுவாக இரண்டு அல்ல, நான்கு வெட்டுகள். 2θ இன் ஆயிடையை 4π வரை நீட்டி எல்லாத் தீர்வுகளையும் எழுதிவிட்டுத்தான் 2 ஆல் வகுக்கவேண்டும். முதலில் வகுத்தால் பின்னிரண்டும் போய்விடும்.